காவி உடுத்திய ரோமானியத் துறவி

தான் மெய்யென்று நம்புவதைப் பிறருக்கும் எடுத்துச் சொல்வது கிறிஸ்தவ சமயத்தில் விருப்பத்துக்கு விடப்பட்ட ஒன்றன்று, கடமை. உலகெங்கும் சென்று எல்லா இனத்தாரையும் சீடராக்குமாறு இயேசு பணித்ததாக மத்தேயு நற்செய்தி நிறைவு பெறுகிறது. அந்தப் பணிப்புக்கு இணங்கி இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் கடல் கடந்திருக்கிறார்கள். எதைச் சொல்ல வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயம் இருந்ததில்லை. எப்படிச் சொல்வது, கேட்பவரிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது என்பவைதாம் ஒவ்வொரு நாட்டிலும் சிக்கலாயின. அந்தச் சிக்கலைத் தமிழ் மண்ணில் முதன்முதலாக முழுமையாக எதிர்கொண்டவர் ராபர்ட் தெ நொபிலி. தமிழர்கள் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தார்கள். அவருடைய களம் மதுரை.

நொபிலி 1577-ஆம் ஆண்டு இத்தாலியில் உயர்குடி ஒன்றில் பிறந்தார். அவருடைய குடும்பம் மூன்றாம் ஜூலியஸ் என்ற போப்பாண்டவரின் உறவு வழியில் வந்தது. அக்காலக் கத்தோலிக்க உலகின் பேரறிஞராகக் கருதப்பட்ட கர்தினால் பெல்லார்மினும் அவருக்கு உறவினர். மூத்த மகனான அவர் குடும்பப் பெயரையும் உடைமையையும் காக்க வேண்டும் என்பது வீட்டாரின் எதிர்பார்ப்பு. அவரோ வீட்டாரின் விருப்பத்துக்கு மாறாக நேப்பிள்ஸ் நகரில் இயேசு சபையில் சேர்ந்தார். தத்துவமும் இறையியலும் கற்றுக் குருவானார். 1604-ஆம் ஆண்டு லிஸ்பனில் கப்பலேறி, அடுத்த ஆண்டு மே மாதம் கோவாவை அடைந்தார். பின்னர் கொச்சி வழியாக முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழின் அரிச்சுவடியை அங்கே தொடங்கினார்.

முத்துக்குளித்துறையில் கிறிஸ்தவம் அப்போது இரண்டு தலைமுறைகளைக் கடந்திருந்தது. அது அங்கே வேரூன்றிய விதத்தை அறிந்தால்தான் நொபிலியின் புதுமை விளங்கும். முத்துக்குளிப்பு உரிமைக்காகப் போட்டியாளர்களோடு மோதிக்கொண்டிருந்த பரதவர் சமுதாயம், 1530-களின் நடுவில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடியது; அதையொட்டி ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே அந்த நம்பிக்கையை ஊன்றச் செய்தார். அந்தச் சமுதாயத்தின் பக்தி பிற்காலத்தில் எத்தனையோ சோதனைகளைத் தாங்கி நின்றது உண்மை. ஆயினும் தொடக்கத்தில் அங்கே சமயமும் கடற்படையும் ஒரே கப்பலில் வந்தன என்பதை மறைக்க இயலாது. கீழை நாடுகளில் சமயப் பணிக்கான செலவைப் போர்த்துக்கல் மன்னர் ஏற்றார். அதற்கு ஈடாக ஆயர்களை முன்மொழியும் உரிமையும் அவரிடமே இருந்தது. பொருளியல் மொழியில் சொன்னால், கடற்கரையில் சமயத்தை ஏற்பவருக்கு ஓர் ஆதாயம் உடனடியாகக் கிடைத்தது.

மதுரையில் நிலைமை வேறு. 1606-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நொபிலி இந்நகருக்குள் நுழைந்தபோது நாயக்கர் ஆட்சி வலுவோடு இருந்தது. போர்த்துக்கீசியருக்கு இங்கே கோட்டையும் இல்லை, படையும் இல்லை. மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலைச் சுற்றி வளர்ந்த இந்நகரம், சைவமும் சமணமும் முன்னொரு காலத்தில் எதிரெதிர் நின்று வாதிட்ட இடம். சத்திரங்களும் பாடசாலைகளும் நிறைந்த கல்வி நகரமாகவும் அது விளங்கியது. இங்குப் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயில்வதாக நொபிலியின் கடிதம் ஒன்று கணக்கிடுகிறது. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால், கற்றவர் நிறைந்த ஓர் ஊருக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அவர் உணர்ந்ததை அந்தக் கடிதம் காட்டுகிறது.

மதுரையில் அவருக்கு முன்பே ஒரு குரு இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியர். படைவீரராக இருந்து துறவியானவர். 1595 முதல் அவர் இங்கே தங்கி, வணிகத்துக்காக வந்து போகும் பரதவக் கிறிஸ்தவர்களுக்கு வழிபாடு நடத்தினார். பள்ளியொன்றை வைத்திருந்தார், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். நல்லவர், உழைப்பாளி. இருப்பினும் பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் உள்ளூர் மக்களிடையே அவருடைய சமயம் ஓர் அடிகூட நகரவில்லை.

அதற்கான காரணத்தை நொபிலி ஒரு சொல்லில் கண்டார். அந்தச் சொல் பரங்கி. மதுரை மக்களின் வழக்கில் அது ஒரு நாட்டாரை மட்டும் குறித்த பெயரன்று. மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், நீராடாதவர், ஆசாரம் அறியாதவர் என்ற இகழ்ச்சியெல்லாம் அதற்குள் அடங்கியிருந்தது. பெர்னாண்டஸோ இந்தப் பெயரைப் பெருமையோடு சூடிக்கொண்டார். திருமுழுக்குப் பெற வருபவரிடம் பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்பதே அன்றைய வழக்கமாக இருந்தது. கிறிஸ்துவை ஏற்பது என்றால் பரங்கியாக மாறுவது என்று கேட்பவர்கள் புரிந்துகொண்டார்கள். கேட்டவரும் அவ்வாறே நினைத்தார். ஒருவர் தம் வீட்டையும் உறவையும் உணவையும் மண உறவுகளையும் இழந்தால்தான் இந்த வாயிலில் நுழைய முடியும் என்ற நிலையில், வாயில் திறந்திருந்தும் எவரும் நுழையாததில் வியப்பில்லை.

இங்கேதான் நொபிலி ஒரு வேறுபாட்டைக் கண்டு பிடித்தார். நற்செய்தி வேறு, அதைச் சுமந்து வந்த ஐரோப்பியப் பழக்கங்கள் வேறு. கேட்பவர் முன்னதை ஏற்றாலோ மறுத்தாலோ அது அவருடைய மனச்சான்றின் முடிவு. பின்னதை ஏற்குமாறு வற்புறுத்த யாருக்கும் உரிமையில்லை. இன்று எளிதாகத் தோன்றும் இந்தக் கருத்து, நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் மிகச் சிலருக்கே தோன்றியது. சீனத்தில் மத்தேயோ ரிச்சி அதே காலத்தில் கன்ஃபூசிய அறிஞரின் உடையில் பீஜிங் நகரில் வாழ்ந்துகொண்டிருந்தார். இந்தியாவில் அப்படிச் சிந்தித்தவர் நொபிலிதான்.

தம் மேலாளரான ஆல்பர்ட்டோ லாயெர்சியோவின் இசைவையும், தமிழும் மலையாளமும் சூழ்ந்த உலகை நன்கறிந்த பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸின் ஆதரவையும் பெற்றுக்கொண்டு நொபிலி தம் வாழ்க்கையையே மாற்றினார். கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார். தோல் காலணியை விட்டு மரப்பாதுகை அணிந்தார். நெற்றியில் சந்தனம் தரித்தார். இறைச்சி, முட்டை, மது அனைத்தையும் துறந்து, சோறும் கீரையும் பாலும் கொண்ட எளிய உணவுக்கு மாறினார். பெர்னாண்டஸின் இல்லத்தை விட்டு நீங்கித் தனிக் குடிலில் தங்கினார்; பிராமணர் ஒருவரைச் சமையலுக்கு அமர்த்திக்கொண்டார். தாம் பரங்கி அல்லர், ரோம் நகரில் உயர்குடியில் பிறந்து உலகைத் துறந்தவர் என்று ஓலையில் எழுதித் தம் இல்லத்தின் முன் அறிவித்தார்.

இது வேடமா என்ற கேள்வி அன்றே எழுந்தது, இன்றும் எழுகிறது. அந்தக் கேள்வி நியாயமானதே. மாற்று உடையில் வந்து மனத்தை மாற்ற முயல்வது ஏமாற்று என்று பலர் கருதினர். மறுபுறம், அவர் சொன்னவற்றில் பொய் என்று எதையும் சுட்ட முடியவில்லை என்பதும் உண்மை. அவர் பிறந்தது உயர்குடியில், ஏற்றது துறவு. ஆனாலும் பெர்னாண்டஸும் அவரும் ஒரே சபையினர், ஒரே தலைமைக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதை மதுரை மக்கள் அறியாதிருப்பதே அவருக்கு வசதியாக இருந்தது. சொன்னது உண்மை, சொல்லாமல் விட்டதும் ஒன்று இருந்தது. வேடம் என்ற குற்றச்சாட்டுக்கு அவர் தந்த வலுவான பதில் அவருடைய காலம்தான். வேடம் சில மாதங்களில் கலைந்துவிடும். அவர் அந்த வாழ்க்கையை ஏறத்தாழ அரை நூற்றாண்டு, இறுதிவரை வாழ்ந்தார்.

அவருடைய முதல் உரையாடல் பள்ளியாசிரியர் ஒருவரோடு நிகழ்ந்தது. அவர் நொபிலிக்குத் தமிழ் கற்பித்தவர். இருவரும் இருபது நாள் வாதிட்டனர். படைப்பு, உயிர், மறுபிறப்பு எனப் பொருள் விரிந்தது. இறுதியில் ஆசிரியர் மாணவரின் சமயத்தை ஏற்றார். அந்த இருபது நாளைக் கவனத்தில் கொள்ள வேண்டும். படைபலம் இல்லாத இடத்தில், பாதுகாப்பு என்ற ஆதாயமும் இல்லாத இடத்தில், ஒருவருடைய நம்பிக்கையை மாற்ற வாதம் ஒன்றுதான் கருவி. வாதம் நேரம் எடுக்கும், தோற்கவும் செய்யும். அவரைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டுவிட்டுத் தம் வழியே திரும்பிப் போனார்கள்.

பின்னர் சிவதருமர் என்ற தெலுங்குப் பிராமண அறிஞர் அவருக்கு வடமொழி ஆசிரியராக அமைந்தார். அயல்நாட்டவருக்கு வேதத்தைக் கற்பிப்பது தம் சமூகத்தில் பெரும் பழியைக் கொண்டுவரும் என்று அறிந்தே அவர் கற்பித்தார். வேதப் பகுதிகளையும் தரும சாத்திரங்களையும் மூலத்திலேயே பயின்ற முதல் ஐரோப்பியர் நொபிலி என்று அறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள். வடமொழியை ஆழ்ந்து கற்ற முதல் ஐரோப்பியராக அவரை மாக்ஸ் முல்லரும் ஏற்றார். தமிழ், வடமொழி, தெலுங்கு என மூன்று மொழிகளில் அவர் தேர்ந்தார். 1609-ஆம் ஆண்டு சிவதருமர் திருமுழுக்குப் பெற்றார். குடுமியையும் பூணூலையும் அவர் நீக்க வேண்டியதில்லை என்று நொபிலி முடிவு செய்தார். அந்த முடிவுதான் பெரும் புயலைக் கிளப்பியது.

பெர்னாண்டஸ் 1610-ஆம் ஆண்டு மேலிடத்துக்கு முறையீடு அனுப்பினார். தம்மோடு பணிபுரியும் ஒருவர் தம்மோடு உண்ண மறுக்கிறார், தம் கோயிலுக்கு வருவோரும் அவர் கோயிலுக்கு வருவோரும் கலப்பதில்லை, பிற சமயச் சின்னங்களை அணிய இசைவு தருகிறார் என்பன அவருடைய மனக்குறைகள். இதைப் பொறாமை என்று ஒதுக்குவது எளிது, சரியன்று. பெர்னாண்டஸும் மதுரையின் பழக்கவழக்கங்களைக் கூர்ந்து நோக்கியவர். பிராமணர்களின் சடங்குகளைப் பற்றி 1616-இல் விரிவான நூலொன்றையே எழுதியவர். அந்தச் சின்னங்களைச் சமயத்திலிருந்து பிரிக்க இயலாது என்பது அவருடைய முடிவு. அவை குடிப்பிறப்பையும் கல்வியையும் காட்டும் சமூக அடையாளங்களே என்பது நொபிலியின் முடிவு. ஒரே ஊரில், ஒரே மக்களைப் பார்த்து, இரண்டு நேர்மையான மனிதர்கள் இரண்டு முடிவுகளுக்கு வந்தனர்.

வழக்கு கோவாவுக்கும் அங்கிருந்து ரோமுக்கும் சென்றது. நொபிலி இந்துவாகிவிட்டார் என்ற வதந்தி ரோமில் பரவியது. உறவினரான பெல்லார்மினே முதலில் கடிந்து எழுதினார்; நொபிலியின் விளக்கத்தைப் படித்த பின்னர்தான் மனம் மாறினார். இலத்தீனில் நொபிலி எழுதிய தன்விளக்கங்கள், வடமொழி நூல்களிலிருந்து சான்றுகளை அடுக்கி ஒவ்வொரு பழக்கத்தின் பொருளையும் ஆராய்கின்றன. இந்திய சமூகத்தை அதன் சொந்த நூல்களைக் கொண்டு விளக்க முயன்ற தொடக்ககால ஐரோப்பிய ஆய்வுகள் என்ற தகுதி அவற்றுக்கு உண்டு. 1619-ஆம் ஆண்டு கோவாவில் கூடிய மாநாட்டில் பேராயரும் பெரும்பாலோரும் அவருக்கு எதிராக நின்றனர். தீர்ப்பு வரும்வரை புதியவர்களைச் சேர்ப்பது ஏறத்தாழ நின்றுபோயிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நொபிலி காத்திருந்தார். சபையை விட்டு விலகவில்லை. தம் கருத்தையும் விடவில்லை.

1623-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் போப்பாண்டவர் 15-ஆம் கிரகோரி தீர்ப்பளித்தார். குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் ஆகியவற்றை, மூடநம்பிக்கை கலவாமல் குல அடையாளமாக மட்டும் கொள்ளும் நிலையில், இடைக்காலமாக அனுமதிக்கலாம் என்றார். நொபிலி வென்றார். அந்த ஆவணத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. உயர்குடிப் பிறப்பினர் தம்மைவிடத் தாழ்ந்த நிலையில் இருப்போரை இகழலாகாது, குறிப்பாகக் கோயிலில் வேறுபாடு காட்டலாகாது என்று போப்பாண்டவர் வேண்டிக்கொண்டார். முதல் பகுதி சட்டமாக நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் பகுதி வேண்டுகோளாகவே தங்கிவிட்டது. தமிழகக் கிறிஸ்தவத்தின் அடுத்த பல நூற்றாண்டு வரலாறு இந்த இரண்டு பகுதிகளுக்கும் இடையிலான இடைவெளியில்தான் எழுதப்பட்டது.

தீர்ப்பு வந்த ஆண்டிலேயே நொபிலி மதுரையை விட்டு வடக்கே நடந்தார். சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம், திருச்சிராப்பள்ளி என அவருடைய பயணங்கள் விரிந்தன. அவருடைய பெயரைக் கேட்டு வந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தோரின் எண்ணிக்கை உயர்சாதியினரின் எண்ணிக்கையை விரைவில் விஞ்சியது. பிராமண சந்நியாசியாக வாழும் ஒருவர் அவர்களோடு வெளிப்படையாகப் பழகினால் தம் நிலையை இழப்பார். அதற்கு ஒரு வழி காணப்பட்டது. எல்லாச் சாதியாரிடமும் செல்லக்கூடிய பண்டாரங்களின் கோலத்தில் வேறு குருக்களை அனுப்புவது என்று முடிவாயிற்று. 1640-ஆம் ஆண்டு பல்தசார் தா கோஸ்தா முதல் பண்டார சுவாமியாகப் புறப்பட்டார். நொபிலியின் வாழ்நாளிலேயே, மதுரை மறைப்பணியின் பெருந்தொகை மக்கள் பண்டார சுவாமிகளின் வழியாகத்தான் வந்து சேர்ந்தார்கள்.

அதே 1640-ஆம் ஆண்டு மதுரையில் நொபிலி சிறைப்பட்டார். அவருடைய இல்லமும் கோயிலும் சூறையாடப்பட்டன. அறுபது வயதைக் கடந்த துறவி பல மாதங்கள் சிறைக்கொட்டடியில் கிடந்தார். செய்தி எட்டியதும் திருமலை நாயக்கர் அவரை விடுவிக்க ஆணையிட்டார். நாயக்கர் அரசு சைவ வைணவக் கோயில்களுக்கு வாரி வழங்கிய அரசு. அதே அரசு அயல்நாட்டுத் துறவி ஒருவர் தலைநகரிலேயே தங்கி மாற்றுச் சமயத்தைப் போதிப்பதற்கு இடம் கொடுத்தது. துன்பமே நேரவில்லை என்று கூற முடியாது. இருந்தாலும் அதே நூற்றாண்டின் ஐரோப்பாவில் கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் முப்பது ஆண்டுப் போரில் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டிருந்ததை எண்ணினால், மதுரையின் பெருந்தன்மை நமக்குப் புலப்படும்.

நொபிலியின் தமிழ்த் தொண்டு தனியே பேசத்தக்கது. ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம், புனர்ஜென்ம ஆக்ஷேபம் முதலியன அவருடைய நூல்கள். செய்யுளே அறிவு நூல்களுக்கு உரிய வடிவம் என்றிருந்த காலத்தில், தத்துவப் பொருளை நீண்ட உரைநடையில் வாதமும் எதிர்வாதமுமாக அவர் எழுதினார். வடசொற்கள் மிகுந்த நடை அது; இன்றைய வாசகருக்குக் கடினமாகவே இருக்கும். என்றாலும், மொழிபெயர்க்கப்படாத போர்த்துக்கீசியச் சொற்களால் வழிபாடு நடந்த சூழலில் வேதம், குரு, பூசை, கோயில், ஞானஸ்நானம் போன்ற இந்நாட்டுச் சொற்களைக் கிறிஸ்தவ வழக்கில் நிலைபெறச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னாளில் வீரமாமுனிவர் தேம்பாவணி பாடும்போது அவருக்கு முன் ஒரு பாதை வெட்டப்பட்டிருந்தது. ஓலையிலும் தாளிலும் சிதறிக் கிடந்த நொபிலியின் நூல்களை இருபதாம் நூற்றாண்டில் தேடித் தொகுத்துப் பதிப்பித்த பெருமை இயேசு சபை அறிஞர் இராசமாணிக்கனாரைச் சேரும்.

இந்த நூல்களைப் படிப்பவர் ஒன்றைக் கவனிப்பர். நொபிலி எல்லாச் சமயங்களும் ஒன்றே என்று சொன்னவர் அல்லர். மறுபிறப்புக் கொள்கையை நூல் முழுவதும் மறுத்தார். தம் சமயத்தின் மீது வந்த பழிகளுக்குக் கடுமையாகவே விடையளித்தார். எனினும் மறுப்பதற்கு முன் கற்றார். எதிர்த்தரப்பின் நூலை அதன் மொழியிலேயே படித்த பின்னர்தான் எதிர்த்தார். ஒருவரோடு முரண்படுவதற்கும் அவரை மதிப்பதற்கும் இடையே பகை இல்லை என்பதை அவருடைய ஏடுகள் உணர்த்துகின்றன.

1645-ஆம் ஆண்டளவில் மேலிடத்தின் முடிவால் அவர் மதுரையைப் பிரிந்தார். யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகள் இருந்தார். பின்னர் மயிலாப்பூருக்கு வந்தார். கண்பார்வை ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது. அப்போதும் எளிய குடிலில் அதே உணவு, அதே கோலம். உடனிருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி நூல்களை எழுதச் செய்தார், திருத்தினார். 1656-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், 78-ஆம் வயதில் மயிலாப்பூரில் மறைந்தார். பிறந்த நாட்டை அவர் மீண்டும் பார்க்கவே இல்லை.

அவருடைய வாழ்வை எப்படி மதிப்பிடுவது? பொருளியல் பயின்றவனின் பார்வையில் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நம்பிக்கையை ஏற்பதற்கு ஒரு விலை உண்டு. பெர்னாண்டஸின் முறையில் அந்த விலை மிக அதிகம். ஒருவர் தம் சமூக வாழ்வு முழுவதையும் கொடுக்க வேண்டியிருந்தது. நொபிலி அந்த விலையைக் குறைத்தார். பிராமணர் பிராமணராகவே, வேளாளர் வேளாளராகவே இருந்து கிறிஸ்துவை வழிபடலாம் என்றார். இது மனிதநேயம் மிக்க திருத்தம் என்பதில் ஐயமில்லை. ஆனால், குறைக்கப்பட்ட விலை மறைந்துவிடுவதில்லை. வேறொருவர் தலையில் ஏறுகிறது. உயர்சாதியினர் எதையும் இழக்காமல் உள்ளே வந்தபோது, அவர்களுடைய சாதியும் அவர்களோடு உள்ளே வந்தது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள், சமத்துவத்தை நாடி அதே கோயிலுக்கு வந்த ஒடுக்கப்பட்ட மக்கள்.

பூணூல் சமூக அடையாளமே என்று நிறுவியபோது நொபிலி தம் வழக்கில் வென்றார். ஆனால், அந்தச் சமூக அடையாளமே இன்னொருவரை வாயிலுக்கு வெளியே நிறுத்தும் கருவி என்பதை அவர் உரிய அளவில் எடைபோடவில்லை. சாதியை உலகெங்கும் காணப்படும் குடிமைப் படிநிலை போன்றதாகவே அவர் கருதினார். ஐரோப்பாவில் பிரபுவும் உழவரும் வேறு வேறு வாழ்ந்தாலும் ஒரே பலிபீடத்தின் முன் மண்டியிட்டனர். தொட்டால் தீட்டு என்ற எண்ணம் அங்கே இல்லை. இந்த வேறுபாட்டின் முழுப் பொருளையும் உயர்குடிப் பிறப்பினரான அவரால் காண முடியவில்லை போலும். அக்காலத்தில் அதைக் கண்டவர்கள் மிகச் சிலரே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விளைவு நெடுங்காலம் நீடித்தது. தமிழகத்தின் பல தேவாலயங்களில் சாதிக்கொரு பக்கமாக மக்கள் பிரிந்து அமர்ந்தனர். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயில், இரு சமூகத்தார் ஒருவரையொருவர் காணாமல் ஒரே பீடத்தை நோக்கி அமரும் வகையில் இரண்டு கைகளாகப் பிரிந்து கட்டப்பட்டது. கால்சட்டைக் கோயில் என்று அதற்குப் பெயரே ஏற்பட்டது. இடையிலிருந்த சுவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தகர்ந்தது. கல்லறைத் தோட்டங்களில் இன்றும் சுவர்கள் நிற்கும் ஊர்கள் உண்டு. 15-ஆம் கிரகோரியின் வேண்டுகோளுக்கு நானூறு ஆண்டுகள் ஆன பின்னும் தலித் கிறிஸ்தவர்கள் தம் சொந்தத் திருச்சபைக்குள் சம உரிமை கேட்டுக் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ரோமின் நிலைப்பாடும் மாறி மாறி வந்தது. புதுச்சேரிக்கு வந்த போப்பாண்டவரின் தூதர் துர்னோன், 1704-ஆம் ஆண்டு இந்நாட்டுப் பழக்கங்கள் பலவற்றைத் தடை செய்தார். 1744-இல் 14-ஆம் பெனடிக்ட் அந்தத் தடையை உறுதி செய்தார். இந்தியாவுக்கு வரும் குருக்கள் இந்தப் பழக்கங்களை ஏற்க மாட்டோம் என்று ஆணையிட்டு வர வேண்டியிருந்தது. அந்த ஆணை 1940-இல்தான் நீக்கப்பட்டது. பின்னர் 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், வழிபாடு அந்தந்த மக்களின் மொழியிலும் பண்பாட்டிலும் அமையலாம் என்று வழிவகுத்தது. நொபிலி முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தனியொருவராக வாதிட்டது, திருச்சபையின் பொதுக் கொள்கையாயிற்று. இன்று மதுரையிலும் திண்டுக்கல்லிலும் தமிழில் பாடி, குத்துவிளக்கேற்றித் தொடங்கும் வழிபாடுகளில் அவருடைய வெற்றி இருக்கிறது. அதே ஊர்களில் சாதிக்கொரு தெரு என்று அமைந்த குடியிருப்புகளில் அவர் விட்டுச்சென்ற கேள்வியும் இருக்கிறது.

சமயப் பரப்புரை என்ற சொல்லே இன்று பதற்றத்தை உண்டாக்குகிறது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு ஒருவர் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை வழங்குகிறது. அந்த உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று உச்சநீதிமன்றம் 1977-ஆம் ஆண்டு விளக்கியது. பரப்புவதற்கும் மாற்றுவதற்கும் இடையிலான எல்லை எங்கே என்று நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் இன்றுவரை வாதிட்டுக்கொண்டிருக்கின்றன. பலர் பல மாநிலங்களில் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். சட்டம் வற்புறுத்தலைத் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். ஆனால், ஒருவர் மற்றொருவரிடம் தம் நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது இருக்க வேண்டிய நாகரிகத்தை எந்தச் சட்டமும் வகுத்துத் தர இயலாது.

அந்த நாகரிகத்துக்கு நொபிலியின் மதுரை நாள்கள் ஓர் அளவுகோலைத் தருகின்றன. அதிகாரம் கையில் இல்லாத இடத்தில் பேசினார். கேட்பவரின் மொழியில், கேட்பவரின் வாயிலில் அமர்ந்து பேசினார். தாம் சொல்வதற்கு முன் அவர்கள் சொல்வதைக் கற்றார். கேட்டுவிட்டு மறுத்தவர்களை மறுக்க விட்டார். கேட்க வந்த மதுரையும், கேட்பதால் தன் நம்பிக்கை கெட்டுவிடும் என்று அஞ்சவில்லை. பேசுவோருக்கும் கேட்போருக்கும் இருந்த அந்தத் தன்னம்பிக்கை இன்று இருதரப்பிலும் குறைந்து வருவதுதான் கவலைக்குரியது.

அவர் தவறிய இடமும் நமக்குப் பாடமே. ஒரு நம்பிக்கை எந்தப் பண்பாட்டின் உடையையும் அணியலாம். ஆனால், சக மனிதனைத் தள்ளி நிறுத்தும் பழக்கத்தைப் பண்பாடு என்று ஏற்றுக்கொண்டால், அந்த நம்பிக்கை தன் உள்ளீட்டையே இழக்கிறது. இது கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரிய எச்சரிக்கை அன்று. சமத்துவத்தைப் பேசும் எந்தச் சமயமும், எந்த இயக்கமும், ஆள்சேர்க்கும் அவசரத்தில் சாதியோடு சமரசம் செய்துகொண்டால் அந்தச் சமரசம் அதன் கொள்கையைவிட நீண்ட நாள் வாழும். மயிலாப்பூரில் மறைந்த அந்த முதிய துறவி தம் வாழ்நாளில் பல வழக்குகளில் வாதிட்டு வென்றார். 1623-ஆம் ஆண்டு ஆவணத்தின் இரண்டாம் பகுதி தொடுத்த வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. அதை முடித்து வைக்கும் பொறுப்பு நம் தலைமுறையினுடையது.